காலில் அமைந்த வில்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடைபெறும் இடங்களைக் கண்டோர் களிமண்ணின் இருவேறு நிலைகளை அறிவர். சூளை புகுமுன் அம்மண் கைக்கும் அச்சுக்கும் இணங்கும். அகலாகவும் பொம்மையாகவும் கிண்ணமாகவும் உருப்பெறும். சூளையினின்று வெளிவந்த பின்னரோ அதன் உருவை மாற்ற எவராலும் இயலாது. நம் சரீரத்திலும் இதனை ஒருவாறு ஒத்த பொருளொன்று உண்டு. அதுவே தசைநாண். ஓடுதற்கும் தாண்டுதற்கும் அஃது எங்ஙனம் துணை புரிகின்றது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தசை சுருங்கும் ஆற்றலுடையது. அதன் முனை வெண்ணிறக் கயிறுபோல் திரண்டு எலும்பிற் பொருந்துகின்றது; அக்கயிறே நாண் எனப்படும். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தை விரல்களாற் பற்றிப் பார்ப்பின் தடித்துத் தென்படுவது உடலிலுள்ள நாண்களுள் மிக்க வலிமையுடையது. உலக வழக்கில் இதனை நரம்பு என்பாருமுளர். அது நரம்பன்று. நரம்பு செய்தியைக் கொண்டு செல்லும்; நாண் விசையைக் கொண்டு செல்லும்.

தசைக்கு ஒரு குறை உண்டு. விரைந்து சுருங்குந்தோறும் அதன் இழுவிசை குறைந்துவிடும். இவ்வுண்மையை 1938-ல் அளந்து காட்டியவர், 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் ஏ. வி. ஹில் என்பவர். இக்குறையை நாண் நிறைவு செய்கின்றது. ஓடுபவன் பாதத்தை ஊன்றுங்கால், கெண்டைக்காற் சதை பெரிதும் நீளாமல் இறுகி நிற்க, நாண் வளைத்த வில்லைப்போல ஆற்றலை ஏற்றுக்கொண்டு நீள்கின்றது. பாதம் எழும்போது பழைய அளவிற்கு மீண்டு, ஏற்றதில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் திருப்பித் தருகின்றது. அலெக்சாண்டர் முதலிய அறிஞர் 1987-ல் கணக்கிட்டபடி, ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீளப்பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 35 விழுக்காட்டைக் குதிநாணும், 17 விழுக்காட்டைப் பாதத்தின் வளைவும் சேமித்து அளிக்கின்றன.

விருத்தாசலத்தினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதை சேலத்தை அடைகின்றது. அச்சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்தொன்று ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் பயன் குன்றிற்று. எனினும் 2016-ல் ரியோ நகரில் நிகழ்ந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். பின்னர் 2021-ல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-ல் பாரிசில் வெண்கலமும் அவருக்குக் கிட்டின. உயரந் தாண்டுவோர் ஓடிவந்து, இறுதியில் ஒரு காலை ஊன்றி எழுகின்றனர். கண்ணிமைக்கும் அச்சிறு பொழுதில் முன்னோக்கிய வேகத்தின் ஒரு பகுதி மேனோக்கித் திரும்புகின்றது. ஊன்றிய காலின் தசையும் நாணும் உடலெடையினும் பன்மடங்கு பாரத்தைத் தாங்குகின்றன. ஒரு காலையே பெரிதும் நம்பியவருக்கு அக்காலின் நாண் எத்துணை அருமையுடையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிச் சூளைக்கு வருவோம். 1955 முதல் 1963 வரை வானவெளியில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒருவகைக் கரியணு மிகுந்தது. உணவின் வழியே அஃது அக்கால மாந்தரின் உடலிலும் சேர்ந்தது. அதனை அடையாளமாகக் கொண்டு டென்மார்க்கு தேசத்து ஆராய்ச்சியாளர் குதிநாணின் வயதைக் கணித்து 2013-ல் வெளியிட்டனர். நாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயது வரையில் உருவாகின்றது. அதற்குப் பின் அது புதுப்பிக்கப்படுவது மிக அரிது என்பது அவர் கண்ட முடிபு. தசை புண்பட்டால் விரைவில் ஆற, நாண் புண்பட்டால் நெடுநாள் வருத்துவதன் காரணத்தை இது பெரிதும் விளக்குகின்றது.

ஆயினும் உவமை முற்றும் பொருந்தாது. பீங்கான் உயிரற்றது; நாண் உயிருள்ளது. வளர்ந்த பின்னரும் இடைவிடாத பயிற்சியால் அதன் உறுதி மிகும். ஆனால் தசைக்கு வாரங்கள் போதுமெனின், நாணுக்கு மாதங்கள் வேண்டும். ஆண்டு முழுதும் மைதானத்தை மறந்திருந்து, விளையாட்டு விழாவிற்கு ஒரு வாரம் முன்னர் விரைந்தோடத் தொடங்கும் நண்பர் இதனைக் கருதுவாராக. அவருடைய தசை ஒருகால் இசையலாம், நாண் இசையாது. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பும் நோவும் தோன்றுமாயின், அதனைப் புறக்கணித்து ஓடுதல் அறிவுடைமையன்று.

கல்லூரி புகும் நாமெல்லாம் பெரும்பாலும் அச்சூளையினின்று வெளிவந்தவர்களே. நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியரோ இன்னும் ஈர மண்ணாய் உள்ளனர். பரீட்சையைக் காட்டி அவர்தம் விளையாட்டு நேரத்தைப் பறிக்குமுன், அவ்வயது மீளாதென்பதைப் பெற்றோர் நினைவாராக. ஈரம் புலராத பாண்டத்தை அவசரமாய்ச் சூளையிலிட்டால் அது வெடிக்கும் என்பதை மண்ணை வனைவோர் அறிவர். காலத்தே தொடங்குதலும், படிப்படியாய் முயலுதலும் மண்ணுக்கு மட்டுமன்று, நம் கால்களுக்கும் உரிய விதியாகும்.