முற்றத்தில் கிடக்கும் காரீயம்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்செம்பு வார்ப்பதும் வெள்ளீயம். மீன்வலையின் அடிக்கயிற்றில் குண்டாகக் கோர்ப்பதும் வாகனப் பற்றரிக்குள் தகடாக அடுக்கியிருப்பதும் காரீயம். முன்னதால் உடம்புக்குப் பெரிய கெடுதி இல்லை, பின்னது நஞ்சு. சித்த மருத்துவம் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டையும் பிரித்தே பேசும். பேச்சுவழக்குத்தான் ஒன்றாக்கிவிட்டது. 2013 முதல் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் ஈய நச்சுத் தடுப்பு வாரம் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலோ நயினாதீவிலோ ஒரு மாணவி “ஈயம் நஞ்சு” என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஈயம் பூசிய பாத்திரத்தில் காலமெல்லாம் சமைத்த பாட்டி சிரிக்கத்தான் செய்வார். அந்தச் சிரிப்பில் நியாயமும் உண்டு. எந்த ஈயம், யார் வீட்டு முற்றத்தில், எந்த உருவில் கிடக்கிறது என்று சொல்லாத விழிப்புணர்வு வெறும் ஊர்வலம். தீவகத்துப் பாடசாலைப் பிள்ளைகள் செய்யக்கூடியது அதைவிடப் பெரிய வேலை: தேடிக் கண்டுபிடிப்பது.

இதை ஏன் பாடசாலை செய்யவேண்டும், வைத்தியசாலை இருக்கிறதே என்று கேட்கலாம். காரீயம் செய்யும் கெடுதி பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வருவதே இல்லை. உடம்பு அதைக் கல்சியம் என்று ஏமாந்து வாங்கி எலும்பில் சேர்த்து வைக்கிறது, மூளைக்கும் அனுப்புகிறது. ஒரே அளவு காரீயம் வாய்க்குள் போனால், பெரியவரைவிடச் சிறுபிள்ளையின் குடல் நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். குறைந்த அளவில் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வலி இல்லை. பிள்ளை கொஞ்சம் கவனம் சிதறும், கொஞ்சம் மூர்க்கம் காட்டும், படித்தது நிற்காது. 1979இல் அமெரிக்க மருத்துவர் ஹேர்பேர்ட் நீடில்மான், சிறுபிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலிருந்த காரீயத்தை அளந்தார். அந்த அளவு எதுவென்று அறியாத ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன குறைகள், பல்லில் காரீயம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போயின. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையான 756 பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்விலும் நடத்தையை மதிப்பிட்டவர்கள் ஆசிரியர்களே. அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் சராசரியாக டெசிலீற்றருக்கு 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் வந்தாலே மூலத்தைத் தேடி அகற்றவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. காரீயத்தின் முதல் அறிகுறி தென்படும் இடம் வகுப்பறை. அங்கே அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் வேறு: “மக்கு”.

தீவுகளில் புகைபோக்கி வைத்த ஆலை எதுவும் இல்லையே, காரீயம் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு வங்காளதேசம் நல்ல பதில். அங்கே தொழிற்சாலை வாடையே இல்லாத கிராமங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் குசினி. மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற வியாபாரிகள் கலந்த ஈயக் குரோமேற்றுதான் அந்த நஞ்சு. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் தேடலைத் தொடங்கவேண்டிய இடம் மஞ்சள் டப்பாவாக இருக்கவேண்டியதில்லை, கடற்கரையாக இருக்கலாம். கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் பாடசாலைப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் மீனவக் குடியிருப்புகளில்தான் அளவு கூடியிருந்தது. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு விறகடுப்பும் பழைய சட்டியும் போதும், உலை வேண்டியதில்லை. இந்த எளிமைதான் ஆபத்து. உருகும்போது எழும் புகையும், ஆறிய பின் சட்டி விளிம்பில் உதிரும் சாம்பல்நிறப் பொடியும் முற்றத்து மணலில் இறங்குகின்றன. அதே மணலில் தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்கும். பற்றரியை உடைத்துத் தகட்டை எடுத்து உருக்கினால் நிலைமை இன்னும் மோசம். அமிலத்தோடு கலந்த கசடு கிணற்றடி வரை போகும்.

அடுத்தது பெயின்ற். 2013 ஜனவரி முதல் இலங்கையில் எனாமல் பெயின்றில் பத்து இலட்சத்துக்கு 600 பங்கு, சுவருக்கான எமல்ஷனில் 90 பங்கு என்று காரீயத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. சுற்றாடல் நீதிக்கான மையம் ஆய்வும் வழக்குமாய் நின்றதன் பயன் அது. எனாமலுக்கும் 90 பங்குதான் இருக்கவேண்டும் என்பது இன்று உலக அளவில் சொல்லப்படும் அளவு. அந்த வகையில் 2013இல் வகுத்த எல்லை அரைவழியில்தான் நின்றது. அதைவிடப் பெரிய சங்கதி, எந்த வர்த்தமானியும் பழைய கதவைச் சுரண்டிப் புதுப்பிக்காது. தீவகத்தில் 1990களின் இடப்பெயர்வுக்கு முன் கட்டிய வீடுகள் எத்தனையோ. பூட்டிக் கிடந்து, உப்புக்காற்றில் பெயின்ற் செதிள் செதிளாய் எழும்பிய கதவுகளும் யன்னல் கம்பிகளும் அவற்றில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் திருவிழாவுக்கு வருகிறார் என்றதும் அவசரமாய்ச் சுரண்டி, உரைதாள் போட்டுத் தேய்த்து, புதுப் பெயின்ற் அடிப்பார்கள். பழைய பூச்சில் காரீயம் இருந்தால் அந்தத் தூள்தான் நஞ்சு. வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டுவதும் இதே கதைதான். பெற்றோலில் இருந்த காரீயத்தை 2002இல் நிறுத்திவிட்டோம். பழைய மரத்தில் அப்பியிருப்பதை வீடு வீடாகத்தான் தேடவேண்டும்.

வீடு வீடாகத் தேடுவது மாணவர்களுக்குப் பழைய வேலை. 1969இல் நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெமில் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞர்கள், அவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், ‘யங் லோர்ட்ஸ்’ என்ற பெயரில் திரண்டார்கள். நகர சுகாதாரத் திணைக்களத்தில் பரிசோதனைப் பொதிகள் பயனற்றுக் கிடந்தன. உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி அவற்றில் 200ஐ வாங்கி, மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து கதவு கதவாய்த் தட்டிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். மறு ஆண்டே ஈய நச்சுக் கட்டுப்பாட்டுக்கென்று நகரம் தனிப் பிரிவு அமைத்தது. 2015இல் மிச்சிகனின் ஃபிளின்ற் நகரில் அதிகாரிகள் தண்ணீர் நல்லது என்று சாதித்துக்கொண்டிருந்தபோது, வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்சின் மாணவர்கள் ஏறத்தாழ 300 பொதிகளை ஊருக்கு அனுப்பினார்கள். மக்களே குழாய்நீரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அளவீடுகளை அரசால் மறுக்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் மாணவர்கள் ஊருக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. எண்ணை எடுத்துக் கொடுத்தார்கள்.

எதிர்க்கேள்விகள் வரும். அப்பு ஆயுள் முழுக்க ஈயம் உருக்கித் தொண்ணூறு வயது வரை இருந்தாரே என்பது முதலாவது. காரீயம் பெரும்பாலும் ஆயுளில் கைவைப்பதைவிடக் கற்கும் திறனில்தான் முதலில் கைவைக்கிறது. காரீயம் படாமல் இருந்தால் ஒரு பிள்ளை எப்படிப் படித்திருக்கும் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிள்ளை வீட்டில் இருக்காது. குடிதண்ணீரே பவுசரில் வருகிற ஊரில் இது ஒரு பிரச்சினையா என்பது இரண்டாவது. தண்ணீர் பெரிய பிரச்சினைதான். அதற்குப் பெரும் பணம் வேண்டும். ஈயம் உருக்கும் அடுப்பைப் பிள்ளைகள் புழங்காத வெளிக்கு மாற்றுவதற்கு யாரும் நிதி ஒதுக்கவேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்குக் கனம் அதிகம்: ஏற்கெனவே நொந்துபோன மீனவரின் தொழிலில் குற்றம் காண்கிறீர்களா? அப்படிக் காணும் பிரசாரம் தோற்கும், தோற்கவும் வேண்டும். வங்காளதேசத்தில் மஞ்சள் விளைவித்த உழவரை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. அச்சிட்ட அறிவித்தலும் சந்தைச் சோதனையும் வியாபாரியின் பக்கம் திரும்பின. 2019இல் சோதித்த மஞ்சளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் இல்லாமலே போனது. அரசு செய்யவேண்டியதைப் பிள்ளைகள் தலையில் கட்டலாமா என்றும் கேட்பார்கள். கட்டக்கூடாதுதான். இரத்தப் பரிசோதனையும் மண் ஆய்வும் அரசின் கடமை. அவசர நோய்க்கே படகு தேடும் நெடுந்தீவில், எந்தப் பிள்ளைக்கு முதலில் இரத்தம் எடுக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்ட ஒரு பட்டியல் வேண்டும். அதை உயர்தர வகுப்பு மாணவர்கள் தயாரிக்கலாம்.

பட்டியலில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஈயம் உருக்கும் வீடு எது, அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உண்டா, பழைய பற்றரி எங்கே கிடக்கிறது, முன்பள்ளிக் கதவின் பெயின்ற் உதிர்கிறதா என்று நாலு கேள்வி. கையோடு நாலு சொல்லும் கொண்டுபோகலாம். உருக்கிய உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். பெயின்ற் தூளை விளக்குமாற்றால் கூட்டினால் அது பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். சுரண்டுமுன் மரத்தை நனையுங்கள். கல்சியமும் இரும்பும் குறைந்த உடம்புதான் காரீயத்தைக் கூடுதலாய் உறிஞ்சும். ஆகவே முள்ளோடு மெல்லும் நெத்தலிக்கும் முருங்கையிலைக்கும் குரக்கனுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. இவை காரீயத்துக்கு மருந்தல்ல. புதிதாக உள்ளே போவதைக் குறைப்பவை. அளவு மிக ஏறிய பிள்ளைக்கு அதை வெளியேற்றும் மருந்து வைத்தியசாலையில் உண்டு. ஆனால் மூளை இழந்ததை அந்த மருந்து திருப்பித் தராது. அதனால் பட்டியல் தயாராகவேண்டியது பிள்ளை முன்பள்ளிக்குப் போகுமுன், தவழும் வயதில்.