மொழி அறியாத ஆசிரியரும் அடையாற்றுக் குழந்தைகளும்

1939ஆம் ஆண்டு நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்துசேர்ந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் உரையாற்றும் பழக்கமும் இல்லை. அறுபத்தொன்பது வயதை எட்டியிருந்த அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடியிருந்த ஏறத்தாழ 300 பேர் அதைக் கேட்டுத் தத்தம் ஊர்க் குழந்தைகளின் மொழிக்கும் வாழ்க்கைக்கும் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. குறுகிய காலப் பயிற்சி வகுப்புக்காக வந்தவரை உலகப் போர் 1946 வரை இங்கேயே தங்கவைத்தது. அந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர் என்பதைக் காணும்போது, இத்தனை மொழித் திரைகளைத் தாண்டி இளங்குழந்தைகளுக்கான ஒரு கல்விமுறை எவ்வாறு கைமாறியது என்ற கேள்வி எழுகிறது.

அதற்கான விடையின் பெரும்பகுதி அம்முறையின் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மாண்டிசோரி, அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் முதலில் பணிபுரிந்தபோது, பாரிஸ் நகரில் காது கேளாதோர் கல்விநிலையத்தின் மருத்துவராக இருந்த இட்டார்ட், அவர் வழியில் வந்த செகின் ஆகிய இருவரின் நூல்களை ஊன்றிக் கற்றார். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாத குழந்தையை எட்டுவதற்குக் கை, கண், தொடுவுணர்வு ஆகியவற்றின் வழியைத் தேடியவர்கள் அவ்விருவரும். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்ஸோவில் மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தின் கருவிகள் அந்தத் தேடலிலிருந்தே உருவாயின. எனவே, சொல்லை முதன்மையாக நம்பாமல் அமைந்த ஒரு முறை, சொல் பொதுவாக இல்லாத ஓரிடத்திலும் செயல்பட்டது வியப்புக்குரியதன்று.

அவற்றுள் ஒரு கருவியை நெருங்கிப் பார்ப்பது தகும். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்துமாறு தலையில் சிறு குமிழ் வைத்த பத்து உருளைகள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிடப் பருமனில் சற்றே வேறுபட்டது. ஆசிரியர் எதுவும் பேசாமல் உருளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கலைத்து வைத்து, மீண்டும் உரிய குழியில் இட்டுக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். குழந்தை தவறான குழியில் ஓர் உருளையை இட்டால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் கையில் எஞ்சும் என்பதால், ‘தவறு’ என்று எந்த மொழியிலும் எவரும் சொல்லவேண்டிய தேவை எழுவதில்லை. பிழையைக் கருவியே உணர்த்தும் இந்த ஏற்பாடு, அயல்மொழி ஆசிரியரை ஓயாத விளக்கத்திலிருந்து விடுவித்து, குழந்தையை உற்றுநோக்கும் வேலைக்குத் திருப்புகிறது.

சொற்களைக் கற்பிக்கும் இடத்திலும் இதே நிதானம் உண்டு. செகினிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிப் பாடத்தில், முதற்படியில் சொரசொரப்பான பலகையையும் வழவழப்பான பலகையையும் குழந்தை தடவிப் பார்க்க, ஆசிரியர் அவற்றின் பெயரை மட்டும் சொல்கிறார். இரண்டாம் படியில் ‘வழவழப்பானதைக் காட்டு’ என்கிறார். மூன்றாம் படியில்தான் ‘இது எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறார். இவற்றுள் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் நடுப்படியில் குழந்தை வாய் திறக்காமல் கையாலேயே விடைசொல்ல முடிகிறது. புதிய மொழிச் சூழலுக்குள் வரும் இளங்குழந்தைகள் பலர் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு காலம் உண்டு என்பதை மொழிக் கல்வியாளர்கள் பின்னாளில் விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். அந்த மௌனத்தை மந்தம் என்று கருதி, பேசச் சொல்லி வற்புறுத்துவதே அயல்நாட்டில் பணிபுரியும் ஆசிரியர்கள் செய்யக்கூடிய தவறுகளில் மிகக் கொடியது.

பண்பாடு மொழியைவிடக் கடினமானது. ஏனெனில் அது தன்னை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. தமிழ்க் குழந்தை சம்மதமாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை ஐரோப்பியர் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இடக்கையால் கருவியை நீட்டுவது, தரையில் விரித்த புத்தகத்தைக் காலால் தாண்டுவது போன்றவை குழந்தையை ஏன் திகைக்கவைக்கின்றன என்பது அவருக்கு விளங்காது. அன்றாட வாழ்வின் செயல்களையே பாடமாக்குவது மாண்டிசோரி முறையின் அடிப்படைகளுள் ஒன்றாகையால், அங்கே பண்பாடு நேரடியாக வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. துணி பொருத்திய சட்டகத்தில் பொத்தான் போடவும் நாடா முடியவும் பழக்குவது ஐரோப்பியக் குழந்தைக்கு வீட்டு வேலையின் நீட்சி. வெறுங்காலுடன் வளரும் குழந்தைக்குச் சப்பாத்து நாடாவில் பொருள் ஏதும் இல்லை. பயறு ஆய்வதும், சொம்பிலிருந்து நீர் சிந்தாமல் ஊற்றுவதும், பாயைச் சுருட்டி வைப்பதும் அவ்விடத்தை நிரப்பவேண்டியவை. அவற்றைத் தேர்ந்தெடுக்க அவ்வூரின் அடுக்களையை அறிந்தவரே தேவை.

எழுத்தில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே அவற்றின் ஒலியைச் சொல்லும் பயிற்சி, ஒலிக்கும் வரிசையிலேயே எழுதப்படும் 21 எழுத்துகளைக் கொண்ட இத்தாலிய மொழிக்கு இயல்பாக அமைகிறது. தமிழிலோ எழுத்துகள் 247. ‘கெ’ என்பதில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்க, உயிரைக் குறிக்கும் கொம்பு முதலில் நிற்கிறது. ‘கொ’ என்பதிலோ உயிரின் குறி மெய்யை இருபுறமும் சூழ்ந்துகொள்கிறது. இதற்குரிய வரிசையைத் தமிழறிந்த ஆசிரியரே வகுக்க முடியும். ஆனால் விரலால் எழுத்தை உணரும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789இல் எழும்பூரின் இராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்ட பின்பு அது ‘மதராஸ் முறை’யின் ஒரு பகுதியாக இங்கிலாந்துக்கும் சென்றது.

1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும் மாண்டிசோரியும் மாரியோவும் பகைநாட்டுக் குடிமக்களாயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட, தாயின் நடமாட்டம் சபையின் வளாகத்துக்குள் சுருக்கப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசப் பிரதிநிதி மாரியோவை விடுவித்தார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கிய 1942 முதல் 1944 வரையான காலம், இம்முறையின் வரலாற்றிலேயே வளம் மிக்கது எனலாம். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னவின் துணையுடன் அங்கு நடந்த சிறு பள்ளியில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றனர். மலையின் செடிகொடிகளும் சிற்றுயிர்களும் அவர்களுக்குப் பாடமாயின. ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்காக அண்டம் முழுவதையும் ஒரே தொடர்கதையாகக் காட்டும் ‘பிரபஞ்சக் கல்வி’ என்ற கருத்து அங்கேதான் விரிவடைந்தது. 1949இல் அடையாற்றில் அச்சாகி வெளிவந்த, குழந்தை தன் சூழலை அறியாமலே உள்வாங்கும் ஆற்றலைப் பேசும் மாண்டிசோரியின் புகழ்பெற்ற நூலில், பச்சிளங்குழந்தையைத் தன்னைவிட்டுப் பிரிக்காமல் செல்லுமிடமெல்லாம் எடுத்துச்செல்லும் தாய்மாரின் வழக்கம் மதிப்புடன் ஆராயப்படுகிறது. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டும் சென்றார்.

எனினும் கருவிகளால் எட்ட முடியாதவையும் உண்டு. அழும் குழந்தையைத் தேற்றுவதும், கதை சொல்வதும், பாடி ஆடவைப்பதும் தாய்மொழியின்றி நடவா. உள்ளூர் ஆசிரியர்கள் இல்லாமல் மாண்டிசோரியின் அடையாற்றுப் பணி வேரூன்றியிருக்க வாய்ப்பில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை என்பது வருந்தத்தக்கது. அதனினும் வருந்தத்தக்கது, யாரும் பலகையில் எழுதிக்கொள்ளக்கூடிய பெயராக ‘மாண்டிசோரி’ மாறிவிட்ட இன்று, அப்பெயரைத் தாங்கிய மழலையர் பள்ளிகள் சிலவற்றில், தமிழ் பேசும் ஆசிரியர் தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்று தடுத்து, இல்லாத மொழித்தடை ஒன்றைத் தாமே எழுப்புவது.