பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் பொய் சொல்கிறதா? பழைய காரில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசிமேடு - எண்ணூர் கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு கார் நின்றுவிட்டால், அதை ஓரங்கட்டுவதே பெரும்பாடு. மீட்டரில் முள் கால் டேங்க் காட்டும், ஆனா டேங்க் காலியா இருக்கும். அதைவிட மோசம், முள் ஏறாமலேயே இன்ஜின் கொதித்துவிடுவது. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேனோடு பிரச்னை முடிஞ்சுடும். இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போனால் செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் மீட்டரை மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முள் எப்படி வேலை செய்கிறது?

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற, இறங்க மிதவையும் நகரும். அதற்கேற்ப மின்தடை மாறும், முள்ளும் நகரும். இன்ஜினில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாரும் இதே மாதிரிதான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் மேலே போகும். இரண்டுக்கும் மின்சாரம் முழுமையாகப் போய்வர, காரின் இரும்பு உடம்போடு சரியான 'எர்த்' இணைப்பு வேண்டும்.

வட சென்னையில் சிக்கல் தொடங்கும் இடம் பெரும்பாலும் இந்த எர்த்தான். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று ஓயாது. இணைப்பில் துரு ஏறினால் மின்தடை கூடும், பல கார்களில் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார் என்றால், வயர் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு முள்ளா, இரண்டு முள்ளுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால், அதன் சென்சார், வயர் அல்லது அந்த மீட்டரில் கோளாறு. இரண்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால், இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். அதாவது ஃபியூஸ், மீட்டர் போர்டின் எர்த், வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல பழைய கார்களில், மீட்டருக்குப் பின்னால் இந்த ஸ்டெபிலைசர் சின்ன டப்பா போல இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட்டாகக் கொடுப்பது இதன் வேலை. இது முழுசா செத்தால் இரண்டு முள்ளும் அசையாது. இதன் எர்த் மட்டும் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் போய், இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும். காலி டேங்க் கால் டேங்காகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

1. ஃபியூஸையும் எர்த் இணைப்புகளையும் பாருங்கள். துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பாதி கேஸ் இதிலேயே சரியாகிடும்.

2. சாவியை அணைத்துவிட்டு, சென்சாருக்குப் போகும் ஒற்றை வயரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டுப் பாருங்கள். முள் ஒரு முனைக்குப் போக வேண்டும்.

3. மறுபடி சாவியை அணைத்து, அந்த வயரை இரும்பு உடம்பில் தொடும்படி வைத்து, சில விநாடிகள் மட்டும் சாவியைப் போடுங்கள். முள் மறு முனைக்குப் போனால் மீட்டரும் வயரும் நல்லாத்தான் இருக்கு, குற்றவாளி சென்சார் அல்லது அதன் எர்த். முள் அசையவே இல்லையென்றால் வயரிலோ மீட்டரிலோ கோளாறு.

பல கார்களில் வயரை எர்த் செய்தால் பெட்ரோல் முள் 'ஃபுல்'லுக்குப் போகும். 1950-களின் சில பிரிட்டிஷ் கார்களில் இது தலைகீழ். அசோக் லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிய காலத்து வண்டிகளை இன்றும் பராமரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டேங்க் யூனிட்டை வெளியே எடுத்தால், மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் மிதவை ஓட்டை, அது மூழ்கிவிடும். மல்டிமீட்டரை வைத்து மிதவையை மெதுவாக உயர்த்தினால், அளவு சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளினால் உள் கம்பி தேய்ந்துவிட்டது.

டெம்பரேச்சர் முள் குறைந்தால் நிம்மதியா?

இல்லை. தண்ணீர் கசிந்து குறைந்துவிட்டால், சென்சார் நீருக்குப் பதில் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென விழுந்தால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணையுங்கள். முள் எப்போதுமே கீழேயே இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்போது மீட்டர் மேல் தப்பில்லை.

எதைச் செய்யக் கூடாது?

* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
* டேங்க் பக்கத்தில் தீப்பொறி, பீடி, சிகரெட் கூடாது. கார் திறந்த வெளியில் நிற்கட்டும்.
* கம்ப்யூட்டர் உள்ள பிந்தைய மாடல் கார்களில் வயரை எர்த் செய்யும் சோதனை வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.
* புதுப்பேட்டையில் பழைய சென்சார் வாங்கினால், உங்கள் மாடலுக்கானதா என்று உறுதி செய்யுங்கள். மின்தடை அளவு பொருந்தாவிட்டால், புது சென்சாரும் பொய்தான் சொல்லும்.

கோளாறு சரியாகும் வரை, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். முள் சரியாகும் வரை இந்த இரண்டும்தான் உங்கள் மீட்டர்.