உஷார்! மலைச்சரிவில் வீடா? மழைக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் சரிவில் குடியிருப்பவர்களே, அங்கே மனை வாங்க முன்பணம் கொடுக்கக் காத்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். வில்லங்கச் சான்று பார்த்திருப்பீர்கள். பட்டா பார்த்திருப்பீர்கள். வாஸ்துகூடப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரிவு மழையில் இளகி இறங்கக்கூடியதா என்று பார்த்தீர்களா? அதை ஆய்ந்து வண்ணமிட்ட வரைபடம் அரசிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்காமல் வீடு கட்டுவதுதான் பயமாக இருக்கிறது.

இந்தப் பணியைச் செய்வது ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். 1851-ல் நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கப்பட்டது, தலைமையகம் கொல்கத்தா. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு களப்பணித் திட்டம் போட்டு, எந்த மலையில் கனிமம் தேடுவது, எந்தச் சரிவை அளப்பது என்று முடிவு செய்து ஆட்களை அனுப்புகிறது. 2004 முதல் நாட்டின் நிலச்சரிவு ஆய்வுக்கும் இதுவே பொறுப்பு.

2014 ஜூலை 30 அன்று மகாராஷ்டிரத்தின் மாலின் கிராமத்தின் மீது மலை சரிந்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். நாடு முழுவதும் நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி அதே 2014-15 ஆண்டுத் திட்டத்தில்தான் தொடங்கியது. பனி மூடிய பகுதிகள் நீங்கலாக, நிலச்சரிவு வாய்ப்புள்ள நிலம் இந்தியாவில் சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 90,000 மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொங்கணக் குன்றுகளிலும் இருக்கிறது. நம் நீலகிரியும் அதில் அடக்கம்.

வரைபடம் வந்தது, சாவு நிற்கவில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலை பறிக்கப் போன நம் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று, மாலின் நடந்து சரியாகப் பத்தாண்டு கழித்து, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடி வீடொன்று புதைந்து 7 பேர் இறந்தார்கள். நீலகிரி 1978, 1993, 2009 என்று திரும்பத் திரும்ப அடிபட்டிருக்கிறது. 2009 நவம்பரில் மட்டும் 40 பேருக்கு மேல் பலி.

ஆகவே வரைபடத்தைப் பாருங்கள். ஆனால் அதைத் தப்பாகப் படித்தாலும் ஆபத்துதான். மூன்று விஷயங்களில் உஷாராக இருங்கள்.

ஒன்று, அளவு. நாடு தழுவிய அந்த வரைபடம் 1:50,000 அளவில் உள்ளது. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். உங்கள் வீடு அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. உங்கள் பகுதி அதில் சிவப்பு, அதாவது அதிக அபாயம், என்றால் அங்கே கட்டாதீர்கள். மஞ்சள் என்றால் நிபுணரை வைத்துச் சரிவைப் பரிசோதிக்காமல் கட்டாதீர்கள். பச்சை என்றால்கூட “நமக்கு ஒன்றும் ஆகாது” என்று அர்த்தம் இல்லை.

இரண்டு, ஓடைப் பாதை. மண் எங்கே பெயரும் என்பதைத்தான் இந்த வரைபடம் முக்கியமாகச் சொல்கிறது. பெயர்ந்த மண் எங்கே போய் விழும் என்பதை அல்ல. வயநாட்டில் 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்த மண்ணும் பாறையும் ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடின. இறந்தவர்களில் பலர் சரிவில் குடியிருந்தவர்கள் அல்லர். கீழே ஆற்றங்கரையில் இருந்தவர்கள். உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை போயின. உங்கள் வீட்டுக்கு மேலே எந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருக்காதீர்கள்.

மூன்று, பொக்லைன். வரைபடம் தயாரானபோது இருந்த சரிவு இன்று இல்லை. சாலைக்கும் ரிசார்ட்டுக்கும் மலையின் அடியை வெட்டுகிறோம், ஓடையை மூடி மண் கொட்டுகிறோம், கழிவுநீரைச் சரிவிலேயே விடுகிறோம். அடி வெட்டப்பட்ட மலைக்குத் தாங்குதல் போய்விடுகிறது. உள்ளே இறங்கிய நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. தண்ணீர் வெளியேறத் துளைக்குழாய் இல்லாத தடுப்புச்சுவர் காக்காது. பின்னால் நீர் சேர்ந்து அதுவே உங்கள் மேல் விழும்.

முன்னறிவிப்பு வந்துவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நீலகிரிக்கும் டார்ஜிலிங்குக்கும் 2020-ல் ஜி.எஸ்.ஐ. மழைக்கால அறிவிப்புகளைச் சோதனை முறையில் தரத் தொடங்கியது. 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய முன்னறிவிப்பு மையமும் திறந்தார்கள். பதினோராம் நாள் வயநாடு சரிந்தது. அந்த நாளுக்கு ஜி.எஸ்.ஐ. தந்தது பச்சை எச்சரிக்கைதான் என்று அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் சொன்னார். அறிவியல் இன்னும் வளர வேண்டும். அதுவரை உங்கள் கண்ணும் காதும்தான் கடைசிக் காவல்.

மழை நாளில் இவற்றைக் கவனியுங்கள்: தரையிலோ சுவரிலோ புது விரிசல், திடீரென்று இறுகும் கதவு, சாய்கிற மரமும் மின்கம்பமும், இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வரும் சுனைநீர். அடைமழையிலும் ஓடை திடீரென வற்றினால் மேலே மண் அடைத்திருக்கிறது என்று பொருள்; உடனே கிளம்புங்கள். நகையைத் தேடாதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஓடையோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஏறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

மழை வரும் முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. ஜி.எஸ்.ஐ.யின் பூசங்கேத் தளத்திலோ பூஸ்கலன் செயலியிலோ உங்கள் ஊரைத் தேடுங்கள். உங்கள் ஊர் சிவப்பிலோ மஞ்சளிலோ இருந்தால், 1:10,000 அளவில் விரிவான ஆய்வு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் கொடுங்கள். மாநில அரசுகள் கேட்கும் பணிகளும் ஜி.எஸ்.ஐ.யின் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுகின்றன. கேட்காத ஊர் வரிசையில் பின்னால்தான் நிற்கும். ஊராட்சியும் நகராட்சியும் கட்டட அனுமதி தரும் மேசையில் இந்த வரைபடம் விரிக்கப்பட்டே ஆக வேண்டும். இவ்வளவு தெரிந்தும் சிவப்பில் கையெழுத்துப் போட்டால், நாளை விழும் மண்ணுக்கு மழையைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.