வாழைக்காய் சீவும் கேமரா

கதாநாயகன் காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் தியேட்டரில் விசிலடித்தே ஓய்ந்துவிடுகிறார்கள். படப்பிடிப்பில் அவர் சாதாரணமாகத்தான் நடந்திருப்பார். பிறகு அந்த நடை எப்படி இழுபட்டது?

ஒரு நொடியை ஒரு வாழைக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராதான் சீவும் கட்டை. ஒவ்வொரு வில்லையும் ஒரு ஃபிரேம். திரையில் பரிமாறும் வேகம் மட்டும் மாறாது: நொடிக்கு 24 வில்லை. காயை 24 வில்லையாகச் சீவினால் ஒரு நொடியில் காலி. 96 ஆகச் சீவினால் பரிமாறி முடிக்க நாலு நொடி பிடிக்கும். மெதுவாகக் காட்ட வேகமாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவைக் கையால் சுற்றிய காலத்தில் கைப்பிடியை விரைவாகச் சுற்றியே இதைச் சாதித்தார்கள். ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் 1904இல் இதற்கு உதவும் ஒரு கருவியைக் கண்ணாடிகள் பதித்த உருளையோடு வடிவமைத்தார்.

சிக்கல் வில்லையின் கனத்தில் இருக்கிறது. மெலிந்த வில்லைக்குள் வெளிச்சமும் கொஞ்சம்தான் விழும். 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் கிடைக்கும்; 1000 ஃபிரேமில் 2000இல் ஒரு பங்குதான். ஈடுகட்ட நாற்பது மடங்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். நம் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், 1000 ஃபிரேமில் எடுத்த காட்சியில் நொடிக்கு இரண்டு மூன்று தடவை பளிச் பளிச்சென்று துடிக்கும். மெலிந்த வில்லையால் லாபமும் உண்டு: அசைவின் மங்கல் குறைவதால் மழைத்துளி கோடாக இழுபடாமல் முத்தாகவே தெரியும்.

24ஆகச் சீவி முடித்த பிறகு இயக்குநருக்கு மெதுவாகக் காட்டும் ஆசை வந்தால்? ஒரே வில்லையைத் திரும்பத் திரும்ப வைக்கலாம். காட்சி தத்தித் தத்திப் போகும். அல்லது இரண்டு வில்லைக்கு நடுவே எது இருந்திருக்கும் என்று கணினி ஊகித்து, போலி வில்லை செய்து செருகும். விரல்களோ கூந்தலோ குறுக்கே போனால் ஓரங்கள் கூழாகிவிடும்.

இந்த உத்தியை அளவோடு கையாண்டவர்களும் உண்டு. அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்' (1954) படத்தில், குழந்தையைப் பிடித்துவைத்திருந்த திருடன் விழுவது மட்டும் மெதுவாக நடக்கும். சுற்றி நிற்பவர்கள் வழக்கமான வேகத்தில் இருப்பார்கள். சில நொடிகள்தான். நம் ஊர்ப் படங்கள் செருப்பு மாட்டுவதைக்கூட இழுக்கின்றன.

செல்பேசியில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் வசதி இருந்தால் நல்ல வெயிலில், தண்ணீர் சிதறும் இடத்தில் எடுத்துப் பாருங்கள். டியூப்லைட் அடியில் மட்டும் வேண்டாம்.