அலுமினிய எஞ்சின் தாங்குமா?

மாணவர்களே! தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். எஞ்சின் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலையோ 2000 டிகிரியைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, அந்த உலோகத்தைக் கொண்டே எஞ்சின் பிளாக்கை வார்க்கிறார்களே, அது எப்படி? அதிலும், டர்போ பொருத்திக் குதிரைத்திறனைப் பெருக்கும்போது எத்தகைய பிளாக்கை நம்பலாம்? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

முதலில் விசையைக் கணக்கிடுவோம். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர் எனக் கொண்டால், பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 58 சதுர சென்டிமீட்டர். டர்போ என்பது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் விசிறி. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், அழுத்தமும் உயரும். உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மீது விழும் விசை ஏறத்தாழ 6 டன் எடைக்குச் சமம். வளர்ந்த யானை ஒன்று ஏறி நிற்பதைவிட அதிகம்! நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், இந்த அடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை விழுகிறது. அதே அழுத்தம் மேலே ஹெட்டைத் தூக்கப் பார்க்கிறது. பக்கவாட்டில் சுவரைப் பிளக்கப் பார்க்கிறது.

பிளாக் ஏன் உருகுவதில்லை? வாயு அந்த உச்ச வெப்பத்தில் இருப்பது நொடியின் மிகச் சிறிய பகுதியே. அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைவிடச் சுமார் மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திக் குளிர்நீரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அடர்த்தியும் குறைவு: வார்ப்பிரும்பு 7.2, அலுமினியம் 2.7. இவை இதன் நற்குணங்கள்.

குறைகளும் உண்டு. அலுமினியத்தின் யங் குணகம் வார்ப்பிரும்பினுடையதைவிடக் குறைவு. எனவே அதே தகைவுக்கு அதிகமாக நெளியும். வெப்ப விரிவோ ஏறத்தாழ இரு மடங்கு. உருகுநிலையை எட்டுவதற்கு வெகு முன்பே, 200 டிகிரியைக் கடந்ததும், அதன் வலிமை குறையத் தொடங்கும். எனவே பிளாக்கைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று இடங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

முதலாவது, மேல்தளம். சில பிளாக்குகளில் சிலிண்டர்களைச் சுற்றிக் குளிர்நீர்ப் பள்ளம் மேலே திறந்தே இருக்கும். வார்ப்பது எளிது, உச்சிப் பகுதி நன்கு குளிரும். ஆனால் சிலிண்டர், அடியில் மட்டும் ஊன்றிய வேலிக்கம்பம் போல நிற்கிறது. அழுத்தம் மிகுந்தால் உச்சி அசையும், கேஸ்கெட் பழுதாகும். பள்ளத்தின் மேற்புறம் துளைகள் தவிர மற்றபடி மூடப்பட்டிருந்தால், கம்பத்தின் தலையையும் கட்டிவிட்டது போலாகும். மிகுந்த குதிரைத்திறனுக்கு இந்த மூடிய மேல்தளமே ஏற்றது.

இரண்டாவது, சிலிண்டரின் உட்சுவர். அலுமினியம் மென்மையானது, பிஸ்டன் வளையங்கள் அதைத் தேய்த்துவிடும். பொதுவாக இரும்பு லைனர் செருகுவார்கள். 80 டிகிரி சூடேறினால் 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துளை 0.14 மில்லிமீட்டர் விரியும். இரும்பு லைனரோ 0.08 மில்லிமீட்டர் அளவே விரியும். தலைமயிர்ப் பருமனே உள்ள இந்த வேறுபாட்டுக்கு இடந்தந்து இறுக்கமாகச் செருகாவிட்டால், லைனர் தளர்ந்துவிடும்.

1971ஆம் ஆண்டு மாடலாக வந்த செவர்லே வேகா காரில் லைனரே இல்லை. சிலிக்கான் மிகுந்த அலுமினியக் கலவையின் கடினத் துகள்களே தேய்மானத்தைத் தாங்கும் என நம்பினர். மேல்தளமும் திறந்தது. எஞ்சின் மிகையாகச் சூடேறியபோது சிலிண்டர்கள் உருக்குலைந்தன. மாறாக, 2007இல் வந்த நிசான் ஜிடி-ஆர் காரின் 3.8 லிட்டர் எஞ்சினிலும் லைனர் இல்லை. ஆனால் மூடிய மேல்தளம் உண்டு. சுவரின் மீது உருகிய இரும்பை மெல்லிய படலமாகத் தூவியிருந்தார்கள். இரண்டு டர்போக்களுடன் அது 480 குதிரைத்திறன் தந்தது. ஆக, குற்றம் அலுமினியத்தினுடையது அன்று.

மூன்றாவது, கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் அடிப்பகுதி. பிஸ்டன் வாங்கும் அடி முழுவதும் கடைசியில் அங்கேதான் வந்து சேருகிறது. தாங்கிகளின் மூடிகளை அகலமான எஃகினால் செய்து, கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போல்ட் இட்டு முடுக்கியிருந்தால் நல்லது.

பழைய பிளாக்காக இருந்தால் சோதனை இன்றியமையாதது. இரும்பில் விரிசல் காண, காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவுவார்கள். அலுமினியம் காந்தத்துக்கு வசப்படாதே! எனவே, விரிசலுக்குள் ஊறும் வண்ணச் சாயத்தைப் பூசித் துடைத்துப் பார்ப்பார்கள். சுவரின் தடிமனைக் கேளா ஒலியால் அளப்பார்கள். வார்க்கும்போது உள் அச்சு சற்றே நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும். பிளவு அங்கேதான் தொடங்கும்.

எடை ஒரு பொருட்டில்லை என்றால், வார்ப்பிரும்பே எளிய தேர்வு. வண்டி இலேசாக இருக்க வேண்டுமானால், மேற்சொன்ன மூன்றையும் சரிபார்த்து அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. சிலிண்டரின் விட்டம் 95.5 மில்லிமீட்டர், அழுத்தம் அதே 100 மடங்கு எனில், பிஸ்டன் மீது எத்தனை டன் விழும்?