தில்லியின் முதல் மேயர்

1958-ல் தில்லி மாநகராட்சி உருவானபோது அதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரு பெண்மணி: அருணா ஆசப் அலி.

இவரை நாடறியச் செய்தது 1942 ஆகஸ்ட் 9. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய மறுநாள். பொழுது விடியும் முன்பே காந்தியடிகள், நேரு உள்ளிட்ட தலைவர்கள் கைதாகிவிட்டார்கள். பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் திரண்ட மக்களை வழிநடத்தப் பெரிய தலைவர்கள் யாருமில்லை. போலீஸ் காவலையும் மீறி மூவண்ணக் கொடியை ஏற்றினார் அருணா. உடனே கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகள் பாய்ந்தன.

பிறகு தலைமறைவு வாழ்க்கை. பிரிட்டிஷ் அரசு அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்றது. பிடித்துக் கொடுப்போருக்கு 5,000 ரூபாய் பரிசு என்றது. உடல்நலம் குன்றிய நிலையில் சரணடையும்படி காந்தியடிகளே கடிதம் எழுதியும் அவர் இசையவில்லை. 1946-ல் கைது ஆணை ரத்தான பிறகே வெளியே வந்தார். அந்த மன உறுதிக்கு ஈடு சொல்வது கடினம்!

காங்கிரஸ், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் எனக் கட்சிகள் மாறினாலும் ஏழைகளின் பக்கமே நின்றார். மேயராகத் தலைநகரின் சுகாதாரத்திலும் வளர்ச்சியிலும் அக்கறை காட்டியவர், நெடுநாள் அப்பதவியில் நீடிக்காமல் விலகினார். பின்னர் பத்திரிகைப் பணியில் ஈடுபட்டார்.

1996-ல் மறைந்த அருணா ஆசப் அலிக்கு, மறு ஆண்டு 'பாரத ரத்னா' விருது வழங்கப்பட்டது.